மிருக வைத்தியர் கண்டறிந்த மனித உடலின் இரகசியம்

வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி அவதிப்படுவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மூத்தவன் இரண்டே நாளில் எழும்பி விளையாடப் போய்விடுகிறான். இளையவளோ ஒரு கிழமையாகியும் படுக்கையை விட்டு எழும்புவதில்லை. ஒரே உம்மா, ஒரே வாப்பா, ஒரே பானையில் ஆக்கிய சோறு. அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம்?

இன்னொரு கேள்வியையும் பாருங்கள். ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதடைந்துவிட்டால், கூடப்பிறந்தவர்கள் முன்வந்து தங்களுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார்கள். வைத்தியர்கள் எல்லாருடைய இரத்தத்தையும் பரிசோதிக்கிறார்கள். நானாவுடையது பொருந்தவில்லை, ராத்தாவுடையது நன்றாகப் பொருந்துகிறது என்கிறார்கள். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே! உடல் ஒருவருடையதை ஏற்று மற்றவருடையதை ஏன் தள்ளுகிறது?

முதல் கேள்விக்குக் காரணங்கள் பல உண்டு. பிள்ளையின் வயது, சாப்பாடு, முன்பு வந்த நோய்கள் எல்லாம் அதில் அடங்கும். ஆயினும் இரண்டு கேள்விகளுக்கும் பொதுவான ஒரு காரணமும் இருக்கிறது. அதன் முடிச்சு அவிழ்ந்தது 1973ஆம் ஆண்டு, அவுஸ்திரேலியாவின் தலைநகர் கன்பராவில், சுண்டெலிகள் வளர்த்த ஓர் ஆய்வுகூடத்தில். அவிழ்த்தவர்கள் இரண்டு இளைஞர்கள். அவர்களில் ஒருவர் மனிதருக்கு வைத்தியம் படித்தவரே அல்லர். மாடு, ஆடுகளுக்கு வைத்தியம் படித்தவர். அவருடைய கதையைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

மாட்டு வைத்தியம் படித்த மாணவன்

பீட்டர் டொஹேர்ட்டி 1940ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தவர். தாய் பியானோ கற்றுக்கொடுப்பவர். தந்தை தொலைபேசித் துறையில் வேலை செய்தவர். வசதி படைத்த குடும்பமல்ல. 17 வயதில், பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைப் பொதுமக்கள் பார்வையிடும் ஒரு நாளில் அங்கே போனவர், அதையே படிப்பதென்று தீர்மானித்துவிட்டார்.

கால்நடைகளின் நோயை ஒழித்தால் பாலும் இறைச்சியும் பெருகும், பசியால் வாடும் நாடுகளுக்கு அது உதவும் என்பது அந்த வயதில் அவருக்கிருந்த எண்ணம். 1962இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அரசாங்க மிருக வைத்தியராகச் சேர்ந்தார். 1965இல் நுண்ணுயிரியல் படித்த பெனலொப்பியைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு இருவருமாக ஸ்கொட்லாந்தின் எடின்பரோவுக்குப் போனார்கள்.

அங்கே அவர் ஆராய்ந்தது செம்மறியாடுகளின் ஒரு மூளை நோயை. உண்ணிகள் பரப்பும் வைரஸ் மூளையைத் தாக்க, ஆடுகள் துள்ளித் துள்ளி விழும். 1970இல் அந்த ஆராய்ச்சிக்காகக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. வைரஸ் மூளைக்குள் புகுந்தால் என்ன நடக்கிறது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. அந்தக் கேள்வியோடுதான் 1972இல் கன்பராவிலுள்ள ஜோன் கேர்ட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டுக்குள் ஒளிந்த திருடன்

அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதை விளங்கிக்கொள்ள, நம் உடலின் காவல் ஏற்பாட்டைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

தடுப்பூசி போட்டால் உடலில் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். அவை இரத்தத்திலும் உடல் நீர்களிலும் சுற்றித் திரிந்து, எதிர்ப்படும் கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். தெருவில் ரோந்து போகும் காவலர்களைப் போன்றவை. ஆனால் வைரஸ் தெருவில் அதிக நேரம் நிற்பதில்லை. அது நம் உடற் கலம் ஒன்றுக்குள் புகுந்து, அந்தக் கலத்தின் பொருட்களையே எடுத்துத் தன்னைப் போல ஆயிரக்கணக்கான வைரசுகளைச் செய்துகொள்ளும். திருடன் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் தெருக் காவலரால் என்ன செய்ய முடியும்?

இங்கேதான் வேறொரு படை வருகிறது. வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான அவற்றுக்கு ரி கலங்கள் என்று பெயர். தைமஸ் சுரப்பியில் முதிர்வதால், அந்தச் சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தே இவற்றுக்குப் பெயராயிற்று. தைமஸ் நம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. சிறு பிள்ளைகளில் பெரிதாக இருந்து, பருவ வயதுக்குப் பின் சுருங்கத் தொடங்கும். இது ஒன்றுக்கும் உதவாத உறுப்பு என்றே வெகு காலம் எண்ணியிருந்தார்கள். ஜக் மில்லர் என்ற விஞ்ஞானி 1961இல் இலண்டனில் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளிலிருந்து அதை அகற்றிப் பார்த்தார். அவை நோய்களை எதிர்க்க முடியாமல் நலிந்தன. அதன் பிறகுதான் தைமஸ் காவல் கலங்களின் பள்ளிக்கூடம் என்பது தெரியவந்தது.

இந்தப் பள்ளிக்கூடத்தின் பரீட்சை மிகக் கடினமானது. சொந்த உடலையே தாக்கக்கூடிய கலங்கள் இங்கே அழிக்கப்படுகின்றன. உடலின் அடையாளத்தைப் படிக்கத் தெரியாதவையும் அழிகின்றன. உள்ளே போகும் கலங்களில் மிகச் சிறு பங்கே தேறி வெளியே வருகிறது. அப்படி வருபவற்றில் ஒரு பிரிவு கொல்லும் ரி கலங்கள். வைரஸ் புகுந்த கலத்தைக் கண்டுபிடித்து, வைரஸ் பெருகி வெளியேறும் முன்பே அந்தக் கலத்தோடு சேர்த்து அழித்துவிடுவது அவற்றின் வேலை.

ஆனால் ஒரு பெரிய கேள்வி விடையில்லாமலே இருந்தது. வைரஸ் உள்ளே ஒளிந்திருக்க, ரி கலம் வெளியே இருக்கிறது. எந்தக் கலத்துக்குள் திருடன் இருக்கிறான் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

இடநெருக்கடி செய்த உதவி

1973இல் சுவிற்சர்லாந்திலிருந்து ஓர் இளம் வைத்தியர் மனைவியோடும் சிறு பிள்ளைகளோடும் கன்பராவில் வந்து இறங்கினார். ரொல்ப் ஸிங்கர்நாகல் என்பது அவர் பெயர். பாசல் நகருக்கு அருகே 1944இல் பிறந்தவர். சத்திரசிகிச்சைப் பிரிவில் சிறிது காலம் வேலை செய்து பார்த்து, அது தனக்கு ஒத்துவராது என்று ஆராய்ச்சிப் பக்கம் திரும்பியவர்.

அவர் சேரவிருந்த ஆய்வுகூடத்தில் இடம் போதவில்லை. ஆகவே டொஹேர்ட்டியின் ஆய்வுகூடத்தில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அந்த இடநெருக்கடிதான் மருத்துவ உலகுக்குப் பெரும் நன்மையாக முடிந்தது. டொஹேர்ட்டிக்கு வைரஸ் தாக்கிய மூளையைப் பற்றித் தெரியும். சுண்டெலியின் மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலிருந்து ரி கலங்களைப் பிரித்தெடுக்கவும் தெரியும். ஸிங்கர்நாகலுக்கு ஒரு கலம் கொல்லப்பட்டதா இல்லையா என்று அளந்து சொல்லும் முறை தெரியும்.

அந்த முறை எளிமையானது. வளர்ப்புத் தட்டில் உள்ள கலங்களுக்குக் கதிரியக்கமுள்ள குரோமியத்தைக் கொஞ்சம் ஊட்டிவிடுவார்கள். கலம் உயிரோடிருக்கும் வரை குரோமியம் உள்ளேயே இருக்கும். ரி கலம் வந்து அதைக் கொன்றால் உடைந்த பானையிலிருந்து தண்ணீர் வழிவதுபோல் குரோமியம் வெளியே வழியும். வழிந்ததை அளந்தால் எத்தனை கலங்கள் செத்தன என்று கணக்கிடலாம்.

இருவரும் சேர்ந்து ஆராய்ந்த வைரஸ் சுண்டெலிகளின் மூளை உறையை அழற்சியடையச் செய்வது. வளர்ந்த சுண்டெலியின் மூளைக்குள் அதைச் செலுத்தினால் ஏறக்குறைய ஒரு கிழமையில் அது செத்துவிடும். ஆனால் ரி கலங்கள் இல்லாத சுண்டெலி சாவதில்லை! மூளையில் வைரஸ் நிறைந்திருக்க, அது நடமாடிக்கொண்டேயிருக்கும். அப்படியானால் சுண்டெலியைக் கொல்வது வைரஸா, அதைத் துரத்த வந்த சொந்தப் படையா? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

எதிர்பாராத முடிவு

நோயுற்ற சுண்டெலியிலிருந்து எடுத்த ரி கலங்களை, அதே வைரஸ் புகுந்த கலங்களுள்ள தட்டில் விட்டார்கள். எதிர்பார்த்தபடியே அவை அந்தக் கலங்களைக் கொன்று தீர்த்தன. பிறகு வெவ்வேறு இனத்துச் சுண்டெலிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். அப்போதுதான் ஆச்சரியம் காத்திருந்தது.

சில இனங்களின் ரி கலங்கள் தட்டிலிருந்த கலங்களைத் தொடவேயில்லை. வைரஸ் அதேதான். அந்தச் சுண்டெலிகளும் அதே நோயால் செத்துக்கொண்டுதான் இருந்தன. ஆகவே அவற்றின் ரி கலங்களில் குறையிருக்க முடியாது. பின் ஏன் கொல்லவில்லை?

இருவரும் முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். தட்டிலிருந்த கலங்களும் ரி கலங்களும் ஒரே இழைய அடையாளம் உள்ளவையாக இருந்தால் மட்டுமே கொலை நடந்தது. அடையாளம் வேறானால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு இனங்களைக் கலந்து பெற்ற குஞ்சுக்குத் தாயின் அடையாளமும் தகப்பனின் அடையாளமும் சேர்ந்தே இருக்கும். அப்படியான குஞ்சில், தட்டிலிருந்த கலத்தின் அடையாளம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தாலே போதும், அதன் ரி கலங்கள் வேலை செய்தன.

இதிலிருந்து பெற்ற முடிவு இதுதான்: ரி கலம் வைரஸை மட்டும் தனியே பார்ப்பதில்லை. வைரஸின் சாயலையும் தன் சொந்த உடலின் அடையாளத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பார்க்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அசைவதில்லை.

1974 ஏப்ரலில் 'நேச்சர்' சஞ்சிகையில் இந்தக் கட்டுரை வெளியாயிற்று. இரண்டே பக்கங்கள். ஆராய்ச்சி நடந்த 1973ஆம் ஆண்டின் இறுதியில் டொஹேர்ட்டிக்கு வயது 33, ஸிங்கர்நாகலுக்கு 29.

ஒரு பானை சோற்றுக்கு

இந்த இழைய அடையாளம் என்பது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஒருவரின் தோலையோ சிறுநீரகத்தையோ இன்னொருவருக்குப் பொருத்தும்போது உடல் அதைத் தள்ளிவிடுவதற்கு இவைதான் காரணம் என்பது முன்பே தெரிந்திருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு அது பெரிய தலைவலி. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவரின் உறுப்பை மற்றவருக்கு மாற்றுவது மனிதன் அண்மைக் காலத்தில் கண்டுபிடித்த வேலை. அதைத் தடுப்பதற்கென்றா நம் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் இந்த அடையாளம் வைக்கப்பட்டிருக்கும்? அதன் உண்மையான வேலை என்ன என்பதைக் கன்பராச் சுண்டெலிகள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன.

நமக்குப் பழக்கமான உதாரணத்தால் சொல்வதென்றால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? நீங்கள் பானையைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. அகப்பையால் நாலு சோற்றை வெளியே எடுத்து நசுக்கிப் பார்க்கிறீர்கள். நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலமும் இதைத்தான் ஓயாமல் செய்கிறது. தனக்குள் தயாராகும் புரதங்களை வெட்டி, அவற்றின் சிறு துண்டுகளை ஓர் அகப்பையில் வைத்துத் தன் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அகப்பைதான் இழைய அடையாளம். சோறு, பெரும்பாலும் 8 முதல் 10 வரையான அமினோ அமிலங்கள் கொண்ட புரதத் துண்டு.

ரி கலங்கள் ஒவ்வொரு கலமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகின்றன. அகப்பையில் வழக்கமான சோறு இருந்தால் பேசாமல் போய்விடும். வைரஸின் துண்டு இருந்தால் விடாது. ஆனால் அகப்பை தன் வீட்டு அகப்பையாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டு அகப்பையில் வைத்த சோற்றைப் படிக்க அது தைமஸ் பள்ளிக்கூடத்தில் பழகவில்லை.

அகப்பையில் இருப்பது புரதத் துண்டு என்பது 1974இல் தெரிந்திருக்கவில்லை. ஒக்ஸ்போர்டின் அலன் டவுன்சென்டும் அவரது குழுவினரும் இன்புளுவென்சா வைரஸின் சிறு புரதத் துண்டே போதும் என்று 1986இல் காட்டினார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பமேலா பியோர்க்மன் என்ற இளம் பெண் ஆய்வாளர் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து, பல வருட உழைப்பின் பின் அந்த அகப்பையின் வடிவத்தையே படம் பிடித்துக் காட்டினார். நடுவே ஒரு குழி இருந்தது. குழிக்குள் ஏதோ ஒன்று வைக்கப்பட்டும் இருந்தது! 13 வருடங்களுக்கு முன் இரண்டு இளைஞர்கள் சுண்டெலிகளைக் கொண்டு ஊகித்தது கண்முன்னே வந்தது.

ஏன் இத்தனை விதமான அகப்பைகள்?

மனிதரிடம் இந்த அகப்பைகள் ஆயிரக்கணக்கான வகைகளில் உள்ளன. ஒவ்வொரு பிள்ளையும் உம்மாவிடமிருந்து ஒரு தொகுதியையும் வாப்பாவிடமிருந்து ஒரு தொகுதியையும் பெறுகிறது. பெற்றோர் ஒவ்வொருவரிடமும் இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. எது வரும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறும். அதனால் கூடப்பிறந்த இருவர் முழுதாக ஒத்திருக்க நாலில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ராத்தாவின் சிறுநீரகம் நன்கு பொருந்தி நானாவுடையது பொருந்தாமல் போவது இதனால்தான். பொருத்தம் குறைந்த சிறுநீரகத்தையும் இன்று மருந்துகளின் உதவியோடு பொருத்துகிறார்கள் என்பது வேறு விடயம்.

இந்த வித்தியாசம் தொல்லையாகத் தோன்றினாலும் அதில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. எல்லா வைரஸின் துண்டும் எல்லா அகப்பையிலும் பொருந்தாது. ஊரில் எல்லாரும் ஒரே வகை அகப்பை வைத்திருந்தால், அதில் அகப்படாத ஒரு வைரஸ் வந்து முழு ஊரையும் வாரிக்கொண்டு போய்விடலாம். ஆளுக்கொரு வகை இருப்பதால் யாராவது சிலர் எந்த வைரஸையும் அடையாளம் கண்டுவிடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் ஒரே காய்ச்சலை வெவ்வேறு விதமாகத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வகை முழுக்க நல்லது, இன்னொன்று முழுக்கக் கெட்டது என்று சொல்லவும் முடியாது. பி27 என்ற வகை உள்ளவர்களின் உடலில் எயிட்ஸ் நோய் வைரஸ் மெதுவாகவே முன்னேறுகிறது. ஆனால் முதுகெலும்பு இறுகிப்போகும் ஒரு வாத நோயும் அதே வகை உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

காவல்காரனே காயப்படுத்தினால்

ரி கலங்கள் இல்லாத சுண்டெலி சாகவில்லை என்று சொன்னோமே, அந்த விடயத்துக்கு வருவோம். மூளையில் அந்த வைரஸ் இருந்தாலும் அது கலங்களை அவ்வளவாகச் சேதப்படுத்துவதில்லை. சேதம் செய்வது அதைத் துரத்த வந்த ரி கலங்கள்தான். திருடனைப் பிடிப்பதற்காக வீட்டையே கொளுத்தியது போல.

இது சுண்டெலிக்கு மட்டும் உரிய கதையல்ல. ஈரல் அழற்சி பி வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரலுக்கு வரும் சேதத்தில் பெரும் பகுதி ரி கலங்களின் தாக்குதலால் வருவது. வளர்ந்தவருக்கு இந்த வைரஸ் தொற்றினால் உடல் போராடிப் பெரும்பாலும் அதை விரட்டிவிடும். தாயிடமிருந்து பிறக்கும்போதே குழந்தைக்குத் தொற்றினால், பக்குவப்படாத அதன் காவற் படை வைரஸோடு மோதாமல் விட்டுவிடும். அப்படியான குழந்தைகள் 10 பேரில் 9 பேரின் உடலில் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும். பல வருடங்கள் கழித்து ஈரல் கெட்டுப்போகலாம், புற்றுநோயும் வரலாம். நம் நாட்டில் 2, 4, 6 மாதங்களில் போடப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் ஈரல் அழற்சி பி மருந்தும் சேர்ந்திருக்கிறது. "பிள்ளைக்குத் தடிமன்" என்று கிளினிக் நாளைத் தள்ளிப் போட நினைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தடிமனுக்காக ஊசியைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தியைப் பல மடங்கு கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் பானங்களையும் குளிசைகளையும் பற்றி யோசிக்கவும் இது உதவும். காவற் படை பலமாக இருந்தால் மட்டும் போதாது. எப்போது எழும்ப வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். அந்த அளவைப் போத்தலில் அடைத்து விற்க யாராலும் முடியாது.

22 வருடங்களின் பின்

1974இல் கட்டுரை வெளியாயிற்று. அடுத்த வருடமே நண்பர்கள் பிரிந்தார்கள். ஸிங்கர்நாகல் கலிபோர்னியாவுக்குப் போய், பின் தாய்நாட்டின் சூரிச் நகருக்குத் திரும்பினார். டொஹேர்ட்டி பிலடெல்பியாவுக்குப் போனார். 1982இல் கன்பராவுக்கு வந்தார். 1988இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் சிறுவர் ஆராய்ச்சி வைத்தியசாலைக்குச் சென்றார்.

1996ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஆராய்ச்சி வெளியாகி 22 வருடங்களின் பின்! மிருக வைத்தியம் படித்த ஒருவர் மருத்துவ நோபல் பரிசு பெற்றது அதுவே முதல் தடவை.

பரிசு கிடைத்ததும் டொஹேர்ட்டி ஓய்ந்துவிடவில்லை. ரி கலங்கள் ஒரு வைரஸை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதையே அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். இன்புளுவென்சா வைரஸ் வருடா வருடம் தன் வெளித் தோற்றத்தை மாற்றுவதால் பிறபொருளெதிரிகள் ஏமாந்துபோகின்றன. ஆனால் அதன் உட்புறப் புரதங்கள் அவ்வளவாக மாறுவதில்லை. அந்தத் துண்டுகளை முன்பு கண்ட ரி கலங்கள் புதிய வைரஸையும் அடையாளம் கண்டுவிடலாம்.

அவருடைய பெயரைத் தாங்கிய தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2014இல் மெல்பேர்ணில் திறக்கப்பட்டது. கொரோனா வைரஸைச் சீனாவுக்கு வெளியே முதன்முதலில் வளர்த்தெடுத்து மற்ற நாடுகளோடு பகிர்ந்துகொண்டது, 2020 ஜனவரியில், இந்த நிலையம்தான். அங்கே பணிபுரியும் பேராசிரியை கத்தரின் கெட்ஸியர்ஸ்காவின் குழு, கொரோனா தொற்றி லேசான நோயோடு வைத்தியசாலைக்கு வந்த 47 வயதுப் பெண் ஒருவரின் இரத்தத்தை நாளுக்கு நாள் பரிசோதித்தது. அவர் குணமாவதற்கு முன்பே பிறபொருளெதிரி சுரக்கும் கலங்களும் ரி கலங்களும் இரத்தத்தில் பெருகியதை 2020 மார்ச்சில் அவர்கள் வெளியிட்டார்கள். உடல் இந்தப் புதிய வைரஸை எப்படி வெல்கிறது என்று காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் அது ஒன்று.

சிங்கப்பூரில் இன்னொரு வியப்பு. 2003இல் சார்ஸ் நோயிலிருந்து பிழைத்தவர்களின் இரத்தத்தில், அந்த வைரஸை நினைவில் வைத்திருந்த ரி கலங்கள் 17 வருடங்களின் பின்னும் இருந்தன. கொரோனாத் தடுப்பூசி போட்ட நம்மில் பலருக்கு மறுபடியும் தொற்று வந்தது உண்மைதான். வைரஸ் மாறிப் பிறபொருளெதிரிகளை ஏமாற்றியது. ஆனாலும் நோய் கடுமையாகாமல் தடுத்ததில் ரி கலங்களுக்கும் பங்குண்டு.

நம் நாட்டு டெங்குவும் ரி கலமும்

2017இல் இலங்கையில் டெங்கு என்று பதிவானவர்கள் 186,000இற்கும் மேல். 400இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் ஆஸ்பத்திரி விறாந்தைகளில் பிள்ளையோடு பாய் விரித்துப் படுத்திருந்த தாய்மார் நம்மிடையே நிறைய உண்டு.

கன்பராவில் தொடங்கிய கதை இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. கொழும்பில் இரத்த தானம் செய்தவர்களின் இரத்தத்தை ஆராய்ந்து, இலங்கை விஞ்ஞானிகளும் கலிபோர்னியாவின் லா ஹொயா ஆய்வாளர்களும் 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். டெங்குவுக்கு எதிரான ரி கலங்களின் வேகம் ஒவ்வொருவரின் இழைய அடையாளத்தைப் பொறுத்து மாறுகிறது, வலுவான ரி கலங்கள் பாதுகாப்புத் தருகின்றன என்பதே அது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை நீலிகா மலவிகேயும் அவரது குழுவினரும் சிலருக்கு மட்டும் டெங்கு ஏன் ஆபத்தாகிறது என்பதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள்.

டெங்குவில் இன்னொன்றையும் கவனியுங்கள். காய்ச்சல் இறங்கும்போது ஆபத்து நீங்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வைரஸ் குறைந்துகொண்டு போகும் நேரம் அது. உடலின் சொந்தக் காவல் எழுப்பிய கொந்தளிப்பு அந்தக் கசிவில் முக்கிய பங்கு வகிக்கிறது. ஆகவே காய்ச்சல் விட்ட பிள்ளை கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல் என்று ஏதாவது காட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோலை அளவோடு கொடுங்கள். அஸ்பிரின், ஐபுபுரூபன் வேண்டாம்.

தாய்மாரே, ஒரு வார்த்தை

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைக்காமல் பேராதனையில் மிருக வைத்தியம் கிடைத்தால் முகம் வாடிவிடுகிறது. "மாட்டு டொக்டரா?" என்று உறவினர் கேட்கும் கேள்விக்குப் பயந்து, இன்னொரு முறை பரீட்சை எடுக்கச் சொல்லிப் பிள்ளையை நெருக்குகிறோம். பெண் பிள்ளையாக இருந்தால் படிப்பே போதும் என்றுகூட முடிவெடுத்துவிடுகிறோம்.

டொஹேர்ட்டி மிருக வைத்தியத்தை விரும்பித்தான் எடுத்தார். செம்மறியாட்டின் மூளை நோயைப் படித்ததால்தான் சுண்டெலியின் மூளை நோய்க்கு வந்தார். அங்கிருந்துதான் மனித உடலின் இரகசியத்துக்கு வழி திறந்தது. மனிதருக்கு வரும் புதிய நோய்களில் பெரும்பாலானவை மிருகங்களிலிருந்து வருபவை என்பதை நினைத்தால், அந்தப் படிப்பின் பெறுமதி நமக்கு இன்னும் விளங்கும். பமேலா பியோர்க்மனையும் கத்தரின் கெட்ஸியர்ஸ்காவையும் நீலிகா மலவிகேயையும் உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

"தடிமன் வந்தால் ஏன் எனக்கு மட்டும் கனநாள் கிடக்கிறது? நானாவுக்கு ஏன் சுகமாகிவிட்டது?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், பேசாமல் படு என்று சொல்லிவிடாதீர்கள். விஞ்ஞானிகள் பல வருடங்கள் செலவழித்து விடை தேடிய கேள்வி அது. அகப்பையையும் ஒரு பானை சோற்றையும் காட்டி அவளுக்கு விளங்கப்படுத்துங்கள். உங்கள் விடையோடு திருப்திப்படாமல் இன்னொரு கேள்வி கேட்டாளானால் சந்தோஷப்படுங்கள்.